உள்தாள்

சவுனா கட்டியதில் மிஞ்சின
ஒன்பது சிமெண்ட் பைகள்.
வெளித்தாளை உரித்துவிட்டால்
உள்தாள் அத்தனை சுத்தம்.
தட்டி, துடைத்து, இஸ்திரி போட்டேன்.
சாரேமா தீவில் மூன்றரைக்கே இருட்டு;
சமையலறை முழுக்கச் சூடேறிய காகித வாசனை.

உருளைக்கிழங்கின் ஒரு பாதியில்
ஃபிர் மரம் செதுக்கினேன்,
மறு பாதி சூப்புக்குப் போயிற்று.
பீட்ரூட் சாறு ஒட்டவில்லை.
படகுக்குப் பூசும் சிவப்பைக் கேட்டேன்.
"கொஞ்சம்தான்" என்றான் உர்மாஸ்.
டப்பா காலி.

நாற்பது மரங்கள்,
ஒன்றாவது நேராக நிற்கவேண்டுமே!
ஈரம் காயுமுன்
ஒரு தாளின் குறுக்கே பூனை நடந்திருக்கிறது.
அதைத்தான் லெய்டாவுக்கு எடுத்தேன்.

போன மாதம்
பனி தள்ளும் வண்டியைப் பின்னால் எடுத்து
அவள் வராந்தாக் கண்ணாடியை உடைத்தான் உர்மாஸ்.
மன்னிப்புக் கேட்கப் போய்
சண்டையோடு திரும்பினான்.
மாற்றுக் கண்ணாடி ஜனவரியில்தானாம்.

ஒரு ஜோடி கம்பளிக் காலுறை,
சணல் கயிற்றில் இரண்டு முடிச்சு.
மணியடிக்காமல் வாசலில் வைத்துவிட்டு
ஓடிவந்தேன்.
எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

காலுறை அளவு சரியா, தெரியாது.
பண்டிகை மறுநாள் இரவு
நாயோடு அந்தப் பக்கம் போனேன்.
உடைந்த சட்டத்தில் என் தாள்,
நாலு மூலையிலும் டேப்.
உள்விளக்கில் தேன்நிறமாய்த் தெரிந்தது,
சிவப்பெல்லாம் கறுப்பாகி.
தலைகீழாய் ஒட்டியிருக்கிறாள்.
வேண்டுமென்றேவா?

மரங்கள் கீழ்நோக்கி வளர,
பூனை மட்டும்
கூரைப் பக்கமாய்
ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது.