குடைக்கால முகாம்

கொழும்பிலிருந்து வந்த பேனரில்
கோடைகால முகாம் என்று அச்சாகியிருந்தது.
ஆகஸ்ட் மாத டிக்கோயாவில்
கோடையை யார் கண்டார்?
பெவிலியன் கம்பியில் நனைந்து தொங்கியதை
இரண்டாம் வகுப்பு லோஜினி எழுத்துக்கூட்டி
"குடைக்கால முகாம்" என்று வாசித்தாள்.
யாரும் திருத்தவில்லை.
வாசலில் முப்பத்தொரு குடைகள்
விரிந்து கிடந்தன.

நான் பதிவு எழுதுகிறவள்.
வங்கியில் ஐந்து நாள் லீவு சொல்லியிருந்தேன்.
கிரிக்கெட்டில் எனக்குத் தெரிந்தது
ஸ்கோர் புத்தகத்தின் கட்டங்கள் மட்டும்.
பெயர், வயது, சப்பாத்து அளவு.
அளவு கேட்டால் சிலர்
அக்காவின் அளவைச் சொன்னார்கள்,
சப்பாத்து அவளுடையது என்பதால்.

காலையில் பெயர் கூப்பிட வரிசையாய் நிறுத்தியபோது
"பெரட்டுக் களம்" என்றான் மிதுலேஷ்.
அப்புறம் அதுதான் அதற்குப் பெயர்.
இரண்டாம் நாள் பதினொரு மணிக்கே மழை இறங்கி
எல்லாரையும் அனுப்பியபோது
அவனே திரும்பி வந்து கேட்டான்,
கொழுந்து குறைந்த நாளில்
அம்மாவுக்குப் போடுகிற கணக்கை:
"அப்ப இன்னைக்கு எங்களுக்கு அரைப் பேரா மிஸ்?"
கேக்கை முழுத் துண்டாகவே கொடுத்தோம்.

அட்டைகளுக்கும் அதே ஐந்து நாள் முகாம்.
சவர்க்காரக் கட்டியோடு
எல்லைக்கோட்டில் நின்றார் மருதவீரன், ரோலர் இழுப்பவர்.
அதிகம் கடிபட்டவருக்கே முதல் பேட்டிங் என்று
பிள்ளைகளே சட்டம் வைத்துக்கொண்டார்கள்.
சனுகவுக்கு ஒன்பது.
பத்தாவது என்று காட்டியது மச்சம்.

தேயிலைக்குள் அடித்தால் அவுட்.
அது செக்ரட்டரியின் சட்டம்;
மிச்சம் நான்கு பந்துதான்.

கடைசி நாள் போட்டி.
காசல்ரீ பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது.
முதலில் சவுக்கு மரங்கள் போயின,
பிறகு சைட் ஸ்கிரீன்,
பிறகு லாங் ஆனில் நின்ற நிலுக்ஷி.
"நிக்கிறியாடி?"
"நிக்கிறேன்!"
ஓவருக்கு ஒருதடவை கூப்பிட்டுச் சரிபார்த்தோம்.

வெல்ல ஒரு ஓட்டம்,
கையில் ஒரே விக்கெட்.
நோர்வூட் பேக்கரிக்காரர் மகன் அஃப்ராஸ்
கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான்.
நல்ல சத்தம்.
பந்து மேலே போனது,
போனதுதான்.

ஓடி முடித்த இருவரும்
ஆளுக்கொரு முனையில் அண்ணாந்து நின்றார்கள்.
நாங்களும் நின்றோம்.
மேல் ரோட்டில் ஒரு லொறி கியர் மாற்றியது.
யாரோ இருமினார்கள்.
விழுந்த சத்தம்
கேட்கவேயில்லை.

பிறகு நிலுக்ஷி வந்தாள்.
வெள்ளைக்குள்ளிருந்து முதலில் முழங்கால்கள்,
பிறகு கை,
கையில் பந்து.
பந்தில் ஈரம். அவளிலும் ஈரம்.
அன்றைக்கு எதில்தான் இல்லை?

"புடிச்சியா, பொறுக்குனியா?"

"தெரியல மிஸ்.
கைய நீட்டுனேன்.
நடுவுல நானும் கொஞ்சம் விழுந்துட்டேன்.
அப்புறம் பாத்தா கையில இருக்கு."

இரண்டு பக்கமும் கத்தினார்கள்.
அம்பயர் என்னைப் பார்த்தார்,
நான் புத்தகத்தைப் பார்த்தேன்.
அஃப்ராஸ் மட்டும் மட்டைமேல் சாய்ந்து
"எவ்வளவு ஒசரம் போச்சு,
யாராச்சும் கண்டீங்களா?" என்றான்.
வேறெதுவும் அவன் கேட்கவில்லை.
யாரும் காணவில்லை.
அதற்குள் மழை பெரிதாகி
குடைக்கு ஓடினோம்.

செப்டம்பரில் செக்ரட்டரி வங்கிக்கே வந்துவிட்டார்.
செலவுச் சிட்டையெல்லாம் சரியாம்,
புத்தகத்தில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாம்.
கோப்பையில் பெயர் வெட்ட வேண்டும்,
ஏதாவது ஒன்றைப் போடுங்கள் மிஸ் என்று
பேனையையும் நீட்டினார்.

காலையிலிருந்து நாற்பது பேருக்கு
சதம் பிசகாமல் எண்ணிக் கொடுத்த கை.
கட்டத்தின் மேல் கொண்டுபோனேன்.
கண்ணாடிக்கு வெளியே
பஸ் நிலையத்தைப் பனி மூடிக்கொண்டிருந்தது.

"அவங்களையே கேட்டுச் சொல்றேன் சேர்" என்றேன்.
"எப்ப?"
"அடுத்த குடைக்காலத்துல."

அவருக்கு விளங்கவில்லை.
பேனையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.