இடமிருந்து வலமாக

வெள்ளி இரவே தொடங்கிவிட்டது.
வேல்ஸின் மேற்குக் கரையில் மழை
மேலிருந்து விழுவதில்லை,
கடலிலிருந்து படுத்தவாக்கில் வருகிறது.
ஏழாம் எண் கூடாரத்தில் நாங்கள் ஆறு பெண்கள்,
காயாத பன்னிரண்டு காலுறைகள்,
ஒரு டார்ச்,
டெக்வென் வீட்டிலிருந்து கடத்திவந்த பாதி கேக்.
"உள்ளே தண்ணீர் நிற்கிறது" என்றேன்.
"நிற்கட்டும், உட்கார இடம் ஏது" என்றாள் நெஸ்ட்டா.

சனிக்கிழமை ஐந்தரைக்கு
ஓடுபாதையின் குறுக்கே வரிசை,
தோளுக்குத் தோள், நாற்பது கேடட்டுகள்.
கல்லோ திருகாணியோ பேனா மூடியோ
எதுவானாலும் பொறுக்கு.
என்ஜின் விழுங்கும், செரிக்காது
என்றார் சார்ஜென்ட் ப்ரோதெரோ.
வானத்தைப் பார்க்க வந்த நாங்கள்
ஒன்றரை மைல் தரையைப் பார்த்தோம்.
எனக்குக் கிடைத்தது ஒரு வாஷர், ஒரு நத்தை.
வாஷரைப் பையில் போட்டு எழுதிக்கொண்டார்கள்.
நத்தையைப் பற்றி விதிமுறையில் ஒன்றுமில்லை.
புல்லில் விட்டேன்.

பத்து மணிக்கு வாசல் திறந்தது.
மேகம் முந்நூறு அடியில் உட்கார்ந்திருந்தது,
சீட்டு வாங்காமல், முன்வரிசையில்.
முதல் காட்சி ரத்து.
இரண்டாவது தள்ளிவைப்பு,
பிறகு அதுவும் ரத்து.
நான் நிகழ்ச்சி நிரல் விற்றேன்,
நடக்காத நிகழ்ச்சிகளின் நிரல், ஆறு பவுண்டு.
ஒருவர் வாங்கித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார்.
இன்னொருவர் கேட்டார், நானே பெய்விப்பதுபோல:
"எப்போது விடும்?"
"விசாரிக்கிறேன், சார்."
யாரிடம்?

மதியத்துக்குள் கார் நிறுத்துமிடம் கூழானது.
சக்கரம் சுற்றும், கார் நகராது,
சேறு மட்டும் புறப்படும்
நேராக எங்கள் முகத்துக்கு.
பதினேழு கார் தள்ளினோம்.
பதினெட்டாவது ஒரு வேன்.
அதிலிருந்து இறங்கியவர்
மூன்று மணிக்குத் தலைகீழாகப் பறக்கவேண்டியவர்,
நெஞ்சில் இறக்கைச் சின்னம், முழங்கால்வரை சேறு.
எங்களோடு தோள் கொடுத்தார்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளியபிறகு
நெஸ்ட்டா கேட்டாள்,
"உள்ளே ஓட்டுவது யார்?"

ஒலிபெருக்கியில் அந்த மனிதர் மட்டும்
விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.
சொல்ல ஒன்றுமில்லை, மூன்று மணி நேரமாக.
தேநீர்க் கடையின் வரிசை,
காணாமல்போன ஒரு குடை,
தன்னுடைய முதல் சைக்கிள்.
திடீரென்று குரல் மாறியது.
"அன்பர்களே, கவனியுங்கள்,
இடமிருந்து வலமாக,
பச்சை நிறம், என்ஜின் இல்லை,
உயரம் ஏறத்தாழ நாலு மீட்டர்..."
திரும்பினேன்.
எங்கள் கூடாரம்.

கயிறுகள் கால்களாகத் தொங்க
வேலியைத் தாண்டியது,
ஓடுபாதைக்கு மேல் ஒரு கரணம் போட்டது.
வயிற்றிலிருந்து டெக்வெனின் தூக்கப்பை நழுவியது.
"சரக்கு இறக்கம்" என்றார் ஒலிபெருக்கியில்.
கார்களின் கண்ணாடிகள் இறங்கின.
யாரோ ஒருவர் ஹார்ன் அடித்தார்,
பிறகு மைதானம் முழுக்க.
நாங்கள் சிரித்துக்கொண்டே துரத்தினோம்.
டெக்வென் சிரிக்கவில்லை.
அது அவள் அண்ணனின் தூக்கப்பை என்றாள்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை,
ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்தேன்,
அவள் மறுமுனையை.

அன்றிரவு கொட்டகையில் படுத்தோம்,
பழைய பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கைக்கு அடியில்.
அதுவும் ஒழுகியது,
எண்ணெய்.

ஞாயிறு காலை அவ்வளவு நீலம்.
காட்சி நேற்றோடு முடிந்ததென்று
வானத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
விருந்தாளி விமானங்கள் வீடு திரும்பவேண்டும்.
மறுபடி வரிசை, தோளுக்குத் தோள்.
பாதி தூரத்தில் நெஸ்ட்டா குனிந்தாள்.
கையில் வளைந்த கூடார முளை,
அதில் வெள்ளைப் பெயிண்டில் ஏழு.
ப்ரோதெரோ முளையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
பையில் போட்டு எழுதிக்கொண்டார்.
"ஒரு கூடாரத்துக்கு எத்தனை?"
"பதினான்கு, சார்ஜென்ட்."
"தரையில் எத்தனை மிச்சம்?"
"ஒன்பது."
கழித்தலை எங்களிடமே விட்டுவிட்டார்.
கொட்டகைப் பக்கம் ஏதோ ஒரு என்ஜின்
இருமிப் பார்த்துக்கொண்டது.
நாங்கள் நிமிரவில்லை.
ஓடுபாதையின் முதல் அடியிலிருந்து, மறுபடியும்.