ஒன்பது நொடி

அரசலாற்றுப் பாலம் தாண்டினால் வரிசையாக மதுக்கடை.
நாகூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள்.
காரைக்காலில் இருந்துகொண்டு
வீட்டில் எதுக்குடா பீர் காய்ச்சுறே என்கிறான் சவரிநாதன்.

மலிவு என்றேன்.
போன மாதம் இரண்டு பாட்டில் வெடித்து
ஃபேன் இறக்கையெல்லாம் நுரை.
ருசி என்றேன்.
முதல் மடக்கு குடித்தவன் அவன்தான்,
ஒன்றும் சொல்லாமல் மிக்சரை எடுத்தான்.

துறைமுகத்தில் நிலக்கரி லாரிக்கு
எடைச்சீட்டு கிழிப்பவன் நான்.
ஏறுவதும் இறங்குவதும் எனதில்லை.

கட்டிலடியில் கேன்
குளுக் என்கிறது.
எண்ணுகிறேன். ஒன்பது நொடி. மறுபடி குளுக்.
நேற்று ஏழு.

சித்திரைச் சூடு ஏறியதும்
ஜெசிந்தா அதற்கு ஈரத்துணி சுற்றினாள்,
புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

நடுராத்திரி, கண் திறக்காமல்:
தூங்கிடுச்சா?

இன்னும் இல்லை.