ஐந்து செக்கன்

கொள்ளுப்பிட்டியில், கரையோர ரயில் போனால்
கண்ணாடி அதிரும் இரண்டாம் மாடி அறை.
மேசையில் ஒரு திரை, ஒரு தண்ணீர்ப் போத்தல்,
வருகிறவர்க்கு ஐநூறு ரூபாய் ரீலோட்.

"பரீட்சை உங்களுக்கு இல்லை, படத்துக்குத்தான்"
என்று மூன்று மொழியிலும் சொல்லப் பழகிவிட்டேன்.
ஐந்து செக்கன் காட்டுவேன்.
பிறகு வெறும் வெள்ளை.
என்ன நினைவிருக்கிறது?

ஆஸ்பத்திரிக்கு நேரம் குறிக்கிற செயலி.
முதற்பக்கம் நான் வரைந்தது, மூன்று கிழமையாக.
நீலத்தை மட்டும் பதினொரு தரம் மாற்றினேன்.

மருதானை ரிஸ்னா சொன்னா:
"பேங்க்தானே? சல்லி கேக்கப் போறாங்க."
கொட்டாஞ்சேனை அந்தோனிப்பிள்ளை
உறையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து
சேட்டு நுனியால் துடைத்து
போட்டுக்கொள்வதற்குள் வெள்ளை வந்துவிட்டது.
"நல்ல வெளிச்சம்" என்றார், மரியாதைக்கு.
கோசலாதேவி யோசித்து யோசித்துச் சொன்னா:
"ஒரு பொம்பிளை சிரிக்கிறா.
வருத்தக்காரி எண்டா என்னத்துக்குச் சிரிக்கிறா?"

எழுதிக்கொண்டேன்.
சிரிக்கும் பெண்: நாலு பேர்.
பச்சைப் பொத்தான்: இரண்டு.
ஆஸ்பத்திரி என்ற சொல்லை
இதுவரை ஒருவரும் காணவில்லை.

ஐந்து செக்கன் போதாது என்று முறைப்படுகிறார்கள்.
எனக்கென்றால் அது தாராளம்.
தெஹிவளையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்று
கதவைத் திறந்த அம்மா
என் நெற்றிப் பொட்டைப் பார்த்தா.
வீடு நேற்றே போய்விட்டதாம்.
'வாடகைக்கு' மட்டை ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்தது.
இரண்டு செக்கன்கூட இல்லை.
(அதற்குள் நானும் அவவின் செருப்பை வைத்து
ஏதோ முடிவு கட்டியிருந்தேன்.
என்னவென்று இங்கே எழுதமாட்டேன்.)

ஒன்பதாவதாக வந்தவர் விமலதாச.
வெள்ளவத்தைச் சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிறவர்.
கதிரையின் நுனியில் இருந்தார்.
வெள்ளை வந்ததும் சிங்களத்தில் சொன்னார்:
"நடுவில் உங்கட எழுத்து ஒன்று.
அதற்குக் கால் முறிந்திருக்கிறது."

தமிழ் வாசிப்பீர்களா?

"எங்கே! ஹயர் வரும்வரை
எதிரே தோசைக்கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
பத்தொன்பது வருடம்.
அதில் முதலெழுத்துக்கு முன்னால் ஒருவன் காவல்,
பின்னால் ஒருவன்.
இங்கே இரண்டு பேரும் பின்னால் விழுந்து கிடக்கிறார்கள்.
டொக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள், மிஸ்."

திரையைத் திரும்பப் போட்டேன்.
'நோயாளர் பதிவு.'
எழுத்துரு ஒத்துக்கொள்ளாமல்
நகரம் முன்னே அநாதையாய் நிற்க,
கொம்பும் காலும் பின்னால் சரிந்து,
இடையில் புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டம்.

மூன்று கிழமை.
பதினொரு நீலம்.
பால்வாடியில் மணலில் விரல் வைத்து
நான் முதலில் எழுதிய மொழி.

நாங்களும் அதைக் கால் என்றுதான் சொல்லுகிறோம்
என்று அவருக்குச் சொல்ல விரும்பி
சிங்களத்தில் வசனம் கூட்டிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் ரீலோட் வந்ததைப் பார்த்துவிட்டு எழும்பிவிட்டார்.
வண்டி நோ பார்க்கிங்கில் நிற்கிறதாம்.

மாலையில் ஷெஹான் கேட்டது ஒரே கேள்வி:
எந்த நீலம்?
பன்னிரண்டில் ஏழு பேர் இரண்டாவது, என்றேன்.
நல்லது, என்றார்.
கால் விஷயத்தைக் கடைசிப் பக்கத்தில் எழுதி
பெயரும் போட்டேன்: விமலதாச, த்ரீவீல் சாரதி.

நூறாம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வீடு போகையில்
வெள்ளவத்தைச் சந்தி கடந்தது.
எத்தனை வருடமாக இந்த வழி.
சாரதி வேகம் குறைக்கவில்லை.
கடையின் பெயர் என்னவென்று கேட்டால் தெரியாது.
பலகை என்ன நிறம், தெரியாது.
தோ மட்டும்.
இரண்டு பக்கமும் ஆள் வைத்து,
நேராக நின்றது.