சீட்டில் சிவப்பு

சீட்டில் சிவப்பு என்றுதான் போட்டிருந்தது.
பார்னு சந்தையில் எண்டெல் வாங்கிவந்த குச்சி,
வேரெல்லாம் ஈரச் சாக்கில்.

ஜூன் கடைசியில் அவிழ்ந்தது. வெள்ளை.
பால் வெள்ளைகூட இல்லை,
துவைத்து நீலம் போட்ட வெள்ளை.
ஏமாந்துவிட்டாய் என்றேன்.
கடைக்காரன் அடுத்த சனிக்கிழமை வரவில்லை,
அதற்கடுத்த சனிக்கிழமையும்.
நாங்கள் பேச்சை நிறுத்தியதற்கு
அது மட்டுமே காரணமில்லை என்பது வேறு விஷயம்.

வாடியதை வெட்டிவிடு, ஐந்திலைக் கணுவுக்கு மேலே,
என்றாள் ஆய்லி, வேலிக்கு அப்பாலிருந்து.
வெட்டினேன். கோபத்தில் கத்தரி கொஞ்சம் கீழே போனது.
முள் என் மணிக்கட்டில் கையெழுத்திட்டது.

ஆகஸ்டு.
பேக்கரியில் இரவு வேலை முடிந்து
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறேன், மணி மூன்று.
தெருவிளக்கு எரியவில்லை.
வாசலைத் தேடுமுன்
வாசனை வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தது.
அப்புறம்தான் கண்ணில் பட்டன
ஒன்பது பூ.
சிவப்பாக இருந்திருந்தால்
இருட்டு தின்றிருக்கும்.

அடுப்படியில் வெளிச்சம்.
எண்டெல் தூங்கவில்லை.
"மறுபடி பூத்திருக்கு" என்றேன்,
மூன்று வாரத்தில் முதல் வாக்கியம்.
"பார்த்தேன்."
நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான்.
கோட்டு முழுக்க மாவு. அப்படியே உட்கார்ந்தேன்.

இப்போது அக்டோபர்.
பால்டிக் காற்றுக்குச் செடி குனிந்து நிமிர்கிறது.
ஒரு மொட்டு பாக்கி,
விளிம்பு பழுத்துவிட்டது, திறக்குமா தெரியவில்லை.
சீட்டை இன்னும் கழற்றவில்லை.
கம்பியில் ஆடுகிறது,
மழையில் எழுத்தெல்லாம் கரைந்து.