இருபத்தைந்து நிமிடம்

கட்டபெட்டிலிருந்து முதல் பஸ்.
கம்பியைப் பிடிக்க வலது கையில்
கட்டைவிரலும் சுண்டுவிரலும் வந்திருந்தன.
மற்ற மூன்றும் ஜூலையிலேயே
இலை அரைக்கும் ரோலரோடு போயின.

குன்னூர் மவுண்ட் ரோட்டு மாடியில் முதல் வக்கீல்
புத்தகத்தைத் திறக்காமலே சொன்னார்:
ஒரு கையில் மூணு விரல்னா முப்பது சதவீதம்.
அவருடைய பீஸும் முப்பது சதவீதம்.
கிட்டத்தட்ட ஒரு விரல் அவருக்கு என்று
படியிறங்கும்போது கணக்குப் போட்டேன்.

இரண்டாமவர் நல்ல மனிதர்.
நாற்காலி தந்தார், ஊர் கேட்டார்,
பேக்டரி பேரைச் சொன்னதும் பேனாவை மூடினார்.
சுவரில் அவர்கள் கொடுத்த காலண்டர்.
நான் அதைப் பார்ப்பதை
அவரும் பார்த்தார்.

மூன்றாவது ஆபீஸ் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால்.
வக்கீல் ஜெபசெல்வி
விரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
பேக்டரி ரிஜிஸ்டர்ல உங்க பேர் இருக்கா?
இல்லை. காண்ட்ராக்டர் நோட்டில் கையெழுத்து,
அந்த நோட்டு அவர் வீட்டில்.
யாராவது பாத்தாங்களா?
ஆறு பேர்.
ஆறு பேருக்கும் பேக்டரி லைனில்தான் வீடு.
மெஷினை நிறுத்தினாங்களா?

நிறுத்தினார்கள்.
நிறுத்தியது தங்கேஸ்வரன்.
மேஸ்திரி ஷிப்டு நோட்டில் எழுதியதை
போனில் பிடித்து வைத்திருந்ததும் அவன்தான்:
இரவு 2.40 முதல் 3.05 வரை ரோலர் நிறுத்தம்.
காரணம், சுத்தம் செய்தல்.

ஜெபசெல்வி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.
சீசன்ல, பச்சை இலை குவிஞ்சு கிடக்கும்போது,
ராத்திரி ரெண்டே முக்காலுக்கு
எந்த மகராசன் சுத்தம் பண்ணுவான்?
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஜூலைக்குப் பிறகு முதல் தடவை.
சிரித்திருக்கலாமா, தெரியவில்லை.

வக்காலத்துத் தாளில்
இடது கை என் பேரை எழுதியது.
ஒண்ணாம் வகுப்புப் பையன் போல
கோட்டைத் தாண்டி மேலே ஏறியது.
"நோட்டுல என் கையெழுத்து வேற மாதிரி இருக்கும் மேடம்.
இது அந்த ஆளே இல்லைன்னு சொல்லுவாங்க."
"சொல்லட்டும்.
சொல்றதுக்கு அந்த நோட்டைக் கொண்டு வரணும் இல்ல?"

பீஸ் கேட்டேன்.
அது வரும்போது பாக்கலாம்,
ஜெராக்ஸுக்கு இருபது ரூபா வெளியே குடுத்துடுங்க என்றார்.

கடைக்காரன் கை நீட்டினான்.
சட்டைப் பை இடது பக்கம்.
வலது கை வழக்கம்போல் அங்கே போய்
துணியை இரண்டு முறை தடவி
இறங்கி வந்தது.