வாடகைக்குக் கட்டம் இல்லை

எஜிபுரா, ஏழாவது கிராஸ்.
உடைந்த சாக்கடை மூடியில் தொடங்கி
கோழிக்கடை முக்கில் முடிகிறது என் தொகுதி.
வரைபடத்தில் தீப்பெட்டி அளவு.
பிள்ளைகளுக்குத் தசரா விடுமுறை.
எனக்கு ஒரு கைப்பை, ஒரு கையேடு,
வெயிலில் திரை தெரியாத போன்.

முதல் கதவு முனிவெங்கடப்பா.
மாடிக்கு நாலு வீடாக நாலு மாடி.
தாய்மொழி என்ன என்றேன்.
தெலுங்கு என்றவர்
மனைவியைப் பார்த்துவிட்டு, கன்னடம் போடுங்க என்றார்.
சண்டைக்குத் தமிழ்தான் சௌகரியம்,
வாடகை கேட்க இந்தி,
அதுக்கெல்லாம் கட்டம் இல்லையா மேடம்?

இல்லை.

இரண்டாம் மாடியில் மூன்று கட்டில்,
ஆறு பேர் என்கிறான் சுசாந்த பெஹரா.
பகல் ஷிப்ட் போனதும் இரவு ஷிப்ட் வந்து படுக்கிறது,
மெத்தை ஆறுவதே இல்லை.
வழக்கமாகத் தங்குபவர் என்றால் எந்த மூவர்?
கையேட்டைப் புரட்டினேன்.
ஆறு என்று போட்டேன்,
அறை ஒன்று என்று போட்டேன்,
தவறு இருக்கிறதா எனச் சரிபார்க்கவும் என்றது போன்.
இருக்கிறது.
தூங்குகிறவன் ஒருவனைத் தொட்டு வயது கேட்டேன்.
கண்ணைத் திறக்காமல்
மணி என்ன என்று கேட்டான்.

எதிர்வீட்டில் அழகுநிலையத்துப் பெண்கள் மூவர்.
குடும்பத் தலைவர் யார்?
லிங்நெய்கிம் சிரித்தாள்.
இந்த மாதம் நான், போன மாதம் அவள்,
யாருக்குச் சம்பளம் முதலில் வருகிறதோ அவள்தான்.
அடுத்த மாதம் யாரும் இல்லாமலும் போகலாம்.

முடியாத கட்டடத்தின் பின்னால், தகரக் கொட்டகையில்
ராய்ச்சூர் ஹனுமவ்வா.
மேலே உடைந்து மிஞ்சிய கிரானைட் துண்டுகளை
ஒட்டுப்போட்டுத் தரை பாவியிருக்கிறாள்,
கறுப்பு, சிவப்பு, பச்சை, கால் வைத்தால் குளிர்ச்சி.
கூரை: தகரம். தரை: கிரானைட்.
அதைக் கொண்டு எந்தக் கணினியாவது
அவளை வசதிக்காரி ஆக்கிவிடப் போகிறதே என்று பயந்தேன்.
அவளோ உட்காருங்கள் என்று
பச்சைத் துண்டைத் துடைத்துக் காட்டினாள்.

யாரும் கேட்காமலே எல்லோரும் சொன்னது வாடகை.
படிக்கட்டில், கேட்டுக்கு வெளியே,
போன் சுழன்றுகொண்டிருக்கும் இடைவேளையில்.
ஒரே ஜன்னல், ஒரே டைல்ஸ், ஒரே மூலையில் ஒழுகல்,
புதுமணத் தம்பதிக்குப் பதினொன்று,
அந்தப் பெண்களுக்குப் பதினாறு,
மூன்று கட்டில்காரர்களுக்குத் தலைக்கு நாலு,
பெருக்கிப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.
இளநீர் எழுபது.
டேங்கர் தண்ணீர்
கேட்கிற நாளைப் பொறுத்து.
இவற்றை என் பால்கணக்கு நோட்டின்
கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன், எதற்கென்று தெரியவில்லை.
மறுநாள் பால்காரர் அதைப் பார்த்து
இதெல்லாம் நான் போட்ட பாக்கி இல்லையே என்றார்.

என் வீட்டைச் சொல்லவில்லை.
பதின்மூன்றைப் பதினெட்டு ஆக்கிவிட்டு
யோசித்துச் சொல்லுங்கள் டீச்சர் என்றார் ஓனர்.
யோசித்தேன். ஐந்தாம் தேதி
நானும் மகள் யாழினியும் ஒரு குட்டியானை வண்டியில்
சந்தாபுரா தாண்டிப் போனோம்.
மடியில் மிக்ஸி, காலுக்கடியில் காஸ் சிலிண்டர்.

பழைய தெருவுக்கு எட்டாம் தேதி ஆள் வந்தாராம்,
பூட்டிய வீடு என்று பதிந்தாராம்.
புதுத் தெருவில் மூன்றாம் தேதியே முடிந்து
வாசல் நிலையில் ஸ்டிக்கர்,
எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ ஐந்து பேருக்கு.
என் தொகுதியில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஒருவரையும் விடவில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.
மேற்பார்வையாளருக்குப் போன் செய்ய வேண்டும்.
நாளைக்குச் செய்யலாம்.

புது ஓனரம்மா சாவி தருமுன்
எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார்.
எத்தனை பேர்?
ரெண்டு.
ரெண்டு பேருக்குத்தான் தண்ணீர்,
விருந்தாளி வந்தால் பக்கெட்டுக்கு இருபது ரூபாய்,
என்று சொல்லிவிட்டு
இன்னொரு முறை எண்ணினார்,
விரல் நீட்டி,
என்னை ஒன்று, அவளை இரண்டு.